ஒரு செல்லுக்கு ஒரு நிறம்

டீ ஆறிப்போகிறதே என்று பார்க்காதீர்கள். நான் எப்போதும் ஆறிய பிறகுதான் குடிப்பேன். சின்ன வயதில் நாக்கு பொத்துப்போகிறது என்று அழுவேனாம். அக்கா இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுப்பாள். அந்தப் பழக்கம் ஐம்பது வயதிலும் போகவில்லை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு படத்தைப் பற்றி. முப்பத்தொன்றாம் நம்பர். எங்கள் ஆய்வுக்கூட வரவேற்பறையில், பின்னால் விளக்குப் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதே, அது. அதை நான்தான் செய்தேன், நான்தான் திருத்தினேன். விசாரணைக் குழுவுக்கு அது போதுமென்றால் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும் அம்மா. கொஞ்சம் முன்னாலிருந்தே வருகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

என் வேலையை முதலில் சொல்கிறேன். எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து என் கணினிக்கு அனுப்புவார்கள். ஒரு நரம்புச் செல்லுக்கு இருநூறு படமாவது வரும். மென்பொருள் அந்த இருநூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓர் உருண்டை, அதிலிருந்து கிளம்பும் கிளைகள் என்று ஒரு முப்பரிமாண உருவத்தைக் கட்டித் தரும். வேரோடு பிடுங்கிக் கையில் தூக்கிப் பிடித்த செடி மாதிரி இருக்கும். மௌஸால் இழுத்தால் எந்தப் பக்கமும் சுற்றும். மென்பொருள் தப்பாக வரைந்த கிளையைத் திருத்துவது, நிறம் கொடுப்பது, நல்ல கோணத்தில் நிறுத்திப் படமெடுத்துக் கொடுப்பது. பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. இரண்டாவது மாடியில், ஜன்னலை அடைத்துக் கறுப்புத்துணி போட்ட அறை. எல்லோரும் என்னைப் 'பெயின்டர்' என்பார்கள். கேலிதான். சொல்லப்போனால் எனக்கு அது பிடிக்கும்.

நிறம் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. மென்பொருளுக்கு எது செல், எது கிளை என்றெல்லாம் தெரியாது. ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒரே மரம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு நிறம் கொடுக்கும். எங்கேயாவது அறுந்திருந்தால், அறுந்த துண்டை வேறு மரம் என்று நினைத்து வேறு நிறம் கொடுத்துவிடும். அதனால் முழுச் செல் ஒரே நிறத்தில் வரும். அறுந்த செல் கலர் கலராக வரும். சில சமயம் சாயம் சரியாக ஏறாத இடமும் அறுந்த மாதிரியே தெரியும். அந்த இடைவெளியைக் கையால் கோடு இழுத்து இணைத்துவிடுவோம். பாலம் போடுவது என்போம். அது தப்பில்லை, இந்த வேலை செய்கிற எல்லோரும் செய்வதுதான். எங்கள் இயக்குநர் அடிக்கடி சொல்வார்: "பெயின்டர், ஒரு செல்லுக்கு ஒரு நிறம். பாக்கறவங்களுக்குக் கண்ணு குழம்பக் கூடாது."

அக்கா தையற்காரி. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததெல்லாம் அவள்தான். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் என்னைச் சாக்குச் சொன்னாள், நான் அவளைச் சாக்குச் சொன்னேன், இரண்டு பேரும் தப்பித்துக்கொண்டோம். பெரிய தையற்கடை ஒன்றில் துணிக்கு நூல் பொருத்துவது அவள் வேலை. துணியின் ஓரத்தை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, ஐந்நூறு கண்டுக்கு நடுவில் சரியான கண்டை உருவி எடுப்பாள். மென்பொருளில் இருக்கும் இருபத்துநாலு நிறங்களுக்கும் வெறும் நம்பர்தான் உண்டு. ஒருநாள் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இதென்னடா நம்பரு? நிறத்துக்குப் பேரு வைக்கத் துப்பில்லாதவன்லாம் கம்ப்யூட்டர் செய்றானா?" என்றாள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, பாக்கு, வெங்காயத்தோல், கத்தரிப்பூ, வாடாமல்லி. அந்தத் தாளை என் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து கிழிக்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போவாள். நூல் எடுக்க உள்ளே போனவள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அலமாரி முன்னால் நிற்பாள். "அந்த... இது... அதைக் குடுடா" என்பாள். கடையில் மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னதும் எனக்குப் பயம் வந்தது, பிறகு கொஞ்சம் தெம்பும் வந்தது. ஏனென்றால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துகொண்டிருந்த மருந்து அதே நோய்க்குத்தான். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கொடுத்துவைத்தவள் என்று நினைத்தேன்.

மருந்து கொடுத்த எலிகளின் செல்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் வந்தன. முதலில் திறந்தது முப்பத்தொன்றாம் நம்பர். திரையில் நாற்பத்தாறு துண்டு, கலர் கலராகத் தெரிந்தது. தையற்கடைக் குப்பைக்கூடையில் வெட்டி விழுந்த நூல் துணுக்குகளைப் பார்ப்பது போல இருந்தது. சாயம் ஏறவில்லை என்று நினைத்து நாற்பத்தைந்து பாலம் போட்டேன். மூன்று மணி நேரம் பிடித்தது. கடைசிப் பாலம் போட்டதும் முழுச் செல்லும் ஒரே நிறத்துக்கு வந்தது. அழகாகத்தான் இருந்தது.

மதியம், மருந்து கொடுக்காத எலிகளின் செல்களைத் திறந்தேன். அதே நாள், அதே சாயம், அதே கை. ஒவ்வொன்றும் முழுசாக, ஒரே நிறத்தில் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. சாயத்தில் கோளாறு இல்லை, மருந்துதான் கிளைகளை அறுக்கிறது. இதைத் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். 'பாவம், அவருக்குப் புரியாமல் போயிருக்கும்' என்று பின்னால் யாராவது எனக்காகப் பரிந்து பேசினால், வேண்டாம். எனக்குப் புரிந்தது.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்வதற்குத்தான் எழுந்தேன். அதற்குள் இயக்குநர் என் அறைக்குள் வந்துவிட்டார். என் நாற்காலி முதுகில் கை வைத்துக்கொண்டு முப்பத்தொன்றைப் பார்த்தார்.

"அடேயப்பா. பெயின்டர், இது படமில்ல, சிலை" என்றார்.

வராந்தாவில் போய் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். அந்த அறைக்குள் பதினாறு வருடத்தில் அத்தனை பேர் வந்ததில்லை. ஒரு அம்மாள் கைதட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதைவிட நல்ல காரணம் ஒன்று சொல்ல எனக்கும் ஆசைதான். யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு இல்லை.

மீதியும் இதே தரத்தில் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். கொடுத்தேன். மொத்தம் முப்பத்தெட்டு செல், ஆயிரத்து நூற்று நாற்பது பாலம். என் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

அடுத்த மாதம் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க அக்கா பேரை முதல் பட்டியல்லயே போட்டுட்டேன். நம்ம வீட்டு மனுஷங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறோம்?"

முதல் பட்டியலில் இருபத்துநாலு பேர். இடத்துக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அறுநூறு பேர். அவர் எனக்குச் செய்தது பெரிய உபகாரம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். எட்டுப் பக்க ஒப்புதல் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அக்காவுக்குப் பதிலாக நான் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில். முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். குழாயைத் திறந்துவிட்டால் போதும், போய்விடும். ஆனால் மாதாமாதம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து உள்ளே போகவில்லை என்று தெரிந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும்.

"என்னடா, மாத்திரைய வச்சுக்கிட்டு சிலையாட்டம் நிக்கிற? குடு இங்க" என்று அக்கா என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அவளாகவேதான் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு வாரம் அவள் நன்றாக இருந்தாள். எலிகளும் அப்படித்தான், ஆறு வாரம் நன்றாகவே இருந்தன. ஒரு காலை குளியலறைக்குள்ளிருந்தே கத்தினாள்: "டேய், மயில்கழுத்து! மயில்கழுத்து ஞாபகம் வந்துடுச்சுடா!" தலையில் துண்டோடு வெளியே வந்து என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எலிக்கு ஆனது மனிதருக்கு ஆக வேண்டும் என்று கட்டாயமா என்ன என்று நினைத்துக்கொண்டேன். அன்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் அவள் பழையபடி ஆகி, அதற்கும் கீழே போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நிறத்தாளின் நகல் ஒன்றில் பெயர்களை மறைத்துக்கொண்டு அவளிடம் கேட்பேன். இருபத்துநாலு இருந்தது பத்தொன்பது ஆனது, பிறகு பதினொன்று. நீலங்கள் எல்லாம் ஒரே நீலமாயின. பச்சைகள் எல்லாம் ஒரே பச்சை. ஆறாம் மாதம் அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியிருந்தது. எதைக் காட்டினாலும், "இது வாடாமல்லிதானே?" என்பாள். சுவரைக் காட்டி, டீயைக் காட்டி, என் சட்டையைக் காட்டி அதையே கேட்பாள். "ஆமாக்கா" என்பேன். பிறகு என் முகத்தைக் காட்டியும் கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

வெளியே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த நோயே அப்படித்தானே, போகப் போக மோசமாகும் என்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற இருபத்து மூன்று வீடுகளிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனை வராந்தாவில் அவர்களைப் பார்ப்பேன். ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தார். முதலில் என்னை "தம்பி" என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேசவில்லை. அவர் மனைவி மட்டும், "உங்க அக்காவுக்குப் பரவாயில்லையாங்க?" என்று கேட்பார். பரவாயில்லை என்பேன்.

எட்டாம் மாதம் அக்காவுக்கு விழுங்குவது மறந்துபோனது. வாயில் வைத்தது வாயிலேயே இருக்கும். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை, அட்டைகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒன்பதாம் மாதம் கஞ்சி நுரையீரலுக்குள் போய் மூன்றாவது நாள் இறந்துவிட்டாள். நிமோனியா என்று எழுதினார்கள். வயது அறுபத்தொன்று. இயக்குநர் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார். நான் அழவில்லை. அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

முப்பத்தொன்றாம் நம்பர் மாட்டிக்கொண்டது போன வாரம்தான். புள்ளிவிவரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், கெட்டிக்காரி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். மென்பொருளில் நிறத்தை இன்னொரு விதமாகவும் காட்டலாம். மரத்துக்கு ஒரு நிறம் என்பதை விட்டுவிட்டு, தடிமனுக்கு ஏற்ற நிறம் என்று வைத்தால், தடித்த இடம் சிவப்பாகவும் மெலிந்த இடம் நீலமாகவும் வரும். அவள் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணா, இது என்ன? நடு நடுவுல ஒரே பச்சையா இருக்கு" என்றாள்.

நான் பார்த்தேன். கிளை என்றால் உருண்டையிலிருந்து போகப் போக மெலியும். பாலத்தை மென்பொருள் குழாய் மாதிரி ஒரே தடிமனில்தான் போடும். அந்தத் தடிமன் அளவை நாம்தான் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பாலமும் ஒரே பச்சையில் தெரிந்தன. கிளிப்பச்சை.

"சாயம் சரியா ஏறல" என்றேன்.

"முப்பத்தெட்டு செல்லுலயுமா? மருந்து குடுக்காத எலியில ஒண்ணுகூட இல்லையேண்ணா."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஒரு சின்ன அளவை மாற்றாமல் விட்டோமே என்று என்மேல்தான் எரிச்சல் வந்தது. அவள் உங்களிடம் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் புகார் கொடுத்திருக்கிறாள். பெரிய இடத்து விஷயம், பயந்திருப்பாள். அவளை ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

இனி சொல்லப்போவது அவளுக்கும் தெரியாது.

நான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் ஏழாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சோதனையில் இருக்கும்போது இறந்தால் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதம். ஒரு மாதத்துக்கு முன்னால் மனித மூளையிலிருந்து எடுத்த ஆறு செல்கள் என் கணினிக்கு வந்தன. பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். ஆனால் பட்டியலில் இறந்தது ஒருவர்தானே.

வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அக்காவை அந்நியக் கையில் விட மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முதல் செல்லைத் திறந்தேன். நூற்றுப் பதினெட்டுத் துண்டு. இருபத்துநாலு நிறமும் தீர்ந்துபோய்த் திரும்பத் திரும்ப வந்திருந்தன. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சரிபார்த்தேன். அரக்கு இருந்தது. பாக்கு இருந்தது. மயில்கழுத்து ஐந்து இடத்தில் இருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. வராந்தாவில் யாரோ தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள், வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

பிறகு எல்லாத் துண்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வாடாமல்லி கொடுத்தேன்.

பாலம் ஒன்றுகூடப் போடவில்லை. அக்கா விஷயத்தில் நான் பொய் எதுவும் சேர்க்கவில்லை, நிறத்தை மட்டும்தான் மாற்றினேன். கிளைகளின் மொத்த நீளத்தைக் கூட்டினாலும் சரியாகவே வரும். துண்டானாலும் நூல் நூல்தானே. அப்புறம் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் இருக்கும் துண்டு பின்னால் இருக்கும் இடைவெளியை மறைக்கிற மாதிரி ஒரு கோணம் எங்கேயாவது இருக்கும். நாற்பது நிமிடத்தில் கிடைத்தது. அதில் நிறுத்திப் படமெடுத்தேன். மற்ற ஐந்துக்கும் அப்படியே செய்து அனுப்பிவைத்தேன்.

அந்த ஆறு படத்தையும் மருத்துவர்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். நோயாளி இறந்தாலும் செல்கள் முழுசாக இருக்கின்றன, மருந்தால் கெடுதல் இல்லை என்று முடிவானது. அதை வைத்துத்தான் இரண்டாம் பட்டியலுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதில் நூற்றிருபது பேர். போன திங்கட்கிழமை ஆரம்பித்தது.

மாத்திரை காலை எட்டு மணிக்கு என்று சொன்னேன் அல்லவா. இப்போது பத்தரை ஆகிறது. இன்றையது உள்ளே போயிருக்கும். நீங்கள் போன் செய்ய வேண்டுமென்றால் செய்துவிட்டு வாருங்கள் அம்மா. நான் எங்கும் போகமாட்டேன்.

பேசிவிட்டீர்களா? சரி. உட்காருங்கள். இந்தத் தண்ணீரைக் குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். முப்பத்தெட்டு எலிச் செல்லின் அசல் கோப்புகள், பாலம் போடுவதற்கு முன்னால் இருந்தவை, என் மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு கணினி வன்தட்டில் இருக்கின்றன. நான் எதையும் அழிக்கவில்லை. அக்காவின் ஆறு செல்லும் அதே தட்டில்தான், கடைசியில் இருக்கும். நீதிமன்றத்தில் அவற்றைப் பெரிய திரையில் போடுவார்கள், தெரியும். எலிகளை எப்படி வேண்டுமானாலும் சுற்றிக் காட்டட்டும். அக்காவை மட்டும் நான் நிறுத்தி வைத்த கோணத்திலேயே காட்டச் சொல்லுங்கள், யாரும் மௌஸைத் தொட வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.